நின்ற தண்ணீரின் அளவு

நான் எழுதிய நிரல்மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருத்தி நான். மற்றவள் வாவிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையில், வயல் செய்யும் கமக்காரர்களின் அமைப்பு ஒன்றின் செயலாளர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் சில மாதங்கள் வருகை விரிவுரையாளராக இருந்தபோது வகுப்பில் இருந்தவள். மற்ற மாணவர்கள் பரீட்சையோடு அந்த மொழியை மறந்துவிட்டார்கள். அவள் மறக்காததற்குக் காரணத்தையும் அவளே சொல்லியிருக்கிறாள்: "ஒரு வரி எழுதினா எல்லா நாளும் ஒண்டாக் கழியுது அக்கா. எக்செல்ல பெட்டி பெட்டியா இழுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அப்படிப்பட்ட மொழிதான் அது. எண்களை ஒவ்வொன்றாகத் தொடாது. ஒரு வரிசை முழுவதையும் ஒரே பொருளாக எடுத்துக் கூட்டும், கழிக்கும். எழுதிய வரியை உடனே வாசித்து விடை சொல்லும். பிழை நேர்ந்தால் மட்டும் அதற்குப் பேச்சு வராது. இரண்டு வரிசைகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால் 'நீளப் பிழை' என்று இரண்டு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும். எனக்கு அது போதும். கணக்கை எழுதுகிறவளும் மொழியை எழுதியவளும் ஒருத்தியே என்றால், எங்கே பிசகியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவளுக்குப் போதவில்லை. அதனால் எனக்கு போன் எடுப்பாள்.

குருக்கள்மடத்தில், வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். என் கலியாணத்துக்கென்று அப்பா கட்டத் தொடங்கிய வீடு கட்டி முடிந்தது, கலியாணம் நடக்கவில்லை. கொழும்பில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு, அதே வேலையை வீட்டிலிருந்து செய்யலாம் என்று ஆன பிறகு இங்கே வந்துவிட்டேன். அலுவலகக் கூட்டங்களில் கமராவை மூடிவைத்து ஆங்கிலத்தில் பேசுவேன். மீன்காரர் வந்தால் என்ன மீன் என்று கேட்பேன். அதற்கு மேல் தமிழில் வாய் திறந்து பேசுவது அவள் எடுத்தால்தான்.

"அக்கா, உங்கட பிள்ளை மறுகா முறைக்குது."

"என்ன சொல்லுது?"

"வேற என்ன, நீளப் பிழை. எங்க எண்டு கேட்டா வாய் துறக்குதில்ல. ஆருட வளர்ப்போ!"

அவள் வரியை வாசிப்பாள். நான் ஒவ்வொரு வரிசையின் நீளத்தையும் கேட்பேன். பிழை அகப்பட்ட பிறகும் பேச்சு நிற்காது. அடுப்பில் என்ன கிடக்கிறது, யார் வீட்டில் என்ன சண்டை, அமைப்பின் தலைவர் எப்படிக் கோபித்துக்கொண்டு போனார் என்று போய்க்கொண்டே இருக்கும். முதலில் போனை வைப்பவள் எப்போதும் அவள்தான்.

இந்த மாரியில் படுவான்கரை வயல்வட்டைகளுக்குள் தண்ணீர் ஏறி நின்றது. வாவி கடலில் விழும் ஆற்றுவாயை மணல் அடைத்திருந்தது. அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு வடியும். எப்போது வெட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு வருடமும் இழுபறி. வயல்காரர் உடனே வெட்டு என்பார்கள். வாவியில் தொழில் செய்கிறவர்கள் பொறு, இறால் முழுக்கக் கடலுக்குப் போய்விடும் என்பார்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் அதற்கொரு கூட்டம் வைத்திருந்தார்கள். வயலில் நிற்கிற தண்ணீர் வாவிக்கு வடியவில்லை என்பதை எண்களில் காட்டுவது அவள் பொறுப்பு. கிழக்கே எங்கள் எழுவான்கரைப் படகுத்துறையில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அங்கே வட்டை வாய்க்காலில் இன்னொன்று. இரண்டிலும் ஒரு மாதமாக எடுத்த அளவுகளை அவள் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்க வேண்டும்.

நீளப் பிழை வந்தது. அவள் எழுதியிருந்த வரியில் பல கழித்தல்கள் இருந்தன. என் மொழி வரியை வலப்பக்கத்திலிருந்து செய்துகொண்டு வருவதால் எந்தக் கழித்தலில் இடறியது என்று அவளுக்குப் புரியவில்லை. அன்று காலை முழுவதும் போனிலேயே போனது. இரண்டு கரைக்கும் இடையில் ஆட்களை ஏற்றும், 'பாதை' என்கிற மிதவை வெள்ளத்தால் ஓடவில்லை. இல்லாவிட்டால் அதில் ஏறிப் போயிருப்பேன். கடைசியில் அவள் சொன்னாள்:

"உங்களுக்கு ஒவ்வொரு முறையும் கரைச்சல் குடுக்க வெக்கமாக் கிடக்கு அக்கா. கோவிக்காதிங்க. இந்தமுறை முடிய நான் எக்செல்லுக்கே போறன்."

"கரைச்சல் ஒண்டும் இல்ல."

"நீங்க அப்பிடித்தான் சொல்லுவிங்க."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். பிழைச் செய்தியை இப்படியே விட்டால் அவள் மொழியை விட்டுவிடுவாள். திருத்தினால் என்னைக் கேட்க அவளுக்கு எதுவும் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் போன் அடங்கிவிடும். திருத்தினால் நான் செய்த ஒரு பொருளாவது அவள் கையில் இருக்கும்.

வேலை நினைத்ததைவிடப் பெரியது. வரியை வாசித்துக் குறிகளாகப் பிரித்ததும், எந்தக் குறி எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை என் நிரல் எறிந்துவிடும். கணக்குக்கு அது தேவையில்லை என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு குறியும் தான் வந்த இடத்தைக் கடைசிவரை சுமந்துவரும்படி மாற்றினேன். பாதி நிரலைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. முடிந்தபோது அது இப்படிப் பேசியது: 'நீளப் பிழை. இந்தக் கழித்தலில். இடப்பக்கம் எழுவான், நீளம் 30. வலப்பக்கம் படுவான், நீளம் 26.' இடறிய கழித்தல் குறிக்குக் கீழே ஒரு சிறிய அம்பும் போட்டேன்.

அனுப்பினேன். போன் வரவில்லை, குறுஞ்செய்தி வந்தது. 'அக்கா சூப்பர்! எங்க எண்டு காட்டிட்டு. எழுவான்ல கடைசி நாலையும் வெட்டிட்டன். இப்ப ஓடுது.'

அந்த முறை நான் எடுத்தேன். அதற்கு முன்பு நானாக அவளுக்கு எடுத்ததில்லை.

"ஏன் கடைசி நாலு?"

"நீளம் சரிவரணுமே அக்கா."

"குறையிறது கடைசி நாள்தான் எண்டு ஆர் சொன்ன?"

"இரிங்க, மாமாட்டக் கேக்கிறன்" என்றாள். வாய்க்கால் அளவுகோலைப் பார்ப்பவர் அவளுடைய தாய்மாமன். போனை வைக்காமலே முற்றத்துக்குப் போனாள். எல்லாம் எனக்குக் கேட்டது.

"மாமா, ஒவ்வொரு நாளும் பாத்து எழுதுறதானே?"

"ஒவ்வொரு நாளும் பாக்கிறன்."

"எழுதுறதா எண்டு கேட்டன்."

"தண்ணி அசைஞ்சா எழுதுவன். நிண்ட தண்ணிய என்னத்துக்குப் புள்ள எழுதுற? நேத்தும் அங்கதானே நிண்ட."

"ஐயோ மாமா! கச்சேரியில என்னை நிக்கவச்சுச் சிரிக்க வைக்கப் பாத்திங்களா?"

"சிரிச்சாச் சிரிக்கட்டும். வரக்குள்ள வெத்திலை வாங்கிட்டு வா."

நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. தண்ணீர் வடியாமல் நின்ற நாள்களைத்தான் அவள் கூட்டத்தில் காட்ட வேண்டும். மாமா விட்டுவைத்திருப்பது அந்த நாள்களையே. அவர் எழுதியவற்றை மட்டும் அடுக்கிப் பார்த்தால் வயல் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வடிவது போலிருக்கும். நீளம் பொருந்திவிட்டால் என் மொழியும் மறுபேச்சில்லாமல் அந்தப் பொய்யைக் கழித்துக் கொடுத்துவிடும்.

எத்தனை குறைகிறது என்று சொன்னால் போதாது, எது குறைகிறது என்றும் சொல்ல வேண்டும். அவளுடைய அளவுகளோடு திகதிகளும் இருந்தன. திகதியுள்ள வரிசைகள் பொருந்தாவிட்டால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத நாள்களைச் செய்தியிலேயே சொல்லும்படி செய்தேன். விடுபட்ட நாளுக்கு முந்தின நாளின் அளவைப் போட்டுக்கொள்ளும் வரியை அவளே எழுதிக்கொண்டாள். அதற்கு என்னைக் கேட்கவில்லை.

ஆற்றுவாயை வெட்டிய செய்தியை மீன்காரர்தான் கொண்டுவந்தார். "வெட்டிட்டாங்க தங்கச்சி. இனி இறால் கேட்டு என்னட்ட வராதிங்க, கடலுக்குப் போய்க் கேளுங்க" என்றார். நான் உள்ளே வந்து போனைப் பார்த்தேன். சிக்னல் இருந்தது. அவளிடமிருந்து அழைப்பு எதுவும் இல்லை. அதில் கோபிக்க எதுவும் இல்லை. வயல் வடியத் தொடங்கினால் படுவான்கரையில் யாருக்கும் நேரம் இருக்காது. பிழையும் வரவில்லை, எதற்கு எடுப்பாள்?

துறையில் தண்ணீர் இறங்கி, தூண்களில் சேற்றுக்கோடு தெரிந்தது. சில நாள்களில் தண்ணீரும் ஓரிடத்தில் நின்றது. நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். வானம், துறையில் தண்ணீர், யார் வந்தார்கள் என்று நாள்தோறும் எழுதுவேன். பல நாள்களுக்கு ஒரே வரிதான். பேனாவை எடுக்கும்போது, நின்ற தண்ணீரை எதற்கு எழுதுவது என்ற மாமாவின் கேள்வி ஞாபகம் வந்தது.

என் மொழியில் இன்னும் ஒரு பிழை பழையபடி இரண்டு சொல்லோடு நின்றது: 'வடிவப் பிழை'. அட்டவணையையும் வரிசையையும் பொருந்தாமல் சேர்த்தால் வரும். அடுத்த மாரியில் எல்லா வட்டைகளுக்கும் அளவுகோல் வைக்கப் போவதாக அவள் சொல்லியிருந்தாள். அட்டவணை போடுவாள். இந்தப் பிழையில் இடறுவாள். எங்கே என்று தெரியாமல் எனக்கு எடுப்பாள். "உங்கட பிள்ளை முறைக்குது" என்பாள். அடுப்பில் என்ன என்று நான் கேட்பேன்.

ஒரு காலை தேநீர் ஊற்றிவைத்துவிட்டு அந்தப் பிழைக்கான செய்தியையும் எழுத உட்கார்ந்தேன். இடப்பக்க அட்டவணையில் குறுக்கே எத்தனை நிரை, நெடுக்கே எத்தனை நிரல், வலப்பக்கத்தில் என்ன நீளம், எந்தப் பக்கம் பொருந்தவில்லை, பொருந்த என்ன செய்யலாம் என்று அது சொல்லும். ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்பப் பிழையான வரிகளைக் கொடுத்துப் பார்த்தேன். தெளிவாகச் சொன்னது.

அவளுக்கு அனுப்பினேன். மத்தியானம் ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்: 'வெயில். தண்ணீர் நேற்று நின்ற இடத்தில்.'