பூட்டில்லாத கதவு

அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. ஜெர்மனியின் ஹனாவ் நகரிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் வரும் ஓர் ஊரில், மரச்சட்டமும் மண்சுவருமாக நிற்கிற பழைய வீட்டின் மேல்மாடியில். பூட்டைக் கழற்றிய திருகாணி ஓட்டைகளையும் பார்க்கலாம். கழற்றியவர் மகேந்திரராஜா. மனைவி சிவகௌரியோடும் பதினான்கு வயது மகன் மிதுஷனோடும் அங்கே வாடகைக்கு இருந்தவர். நடந்தது மட்டுமே இங்கே இருக்கிறது. கூட்டிச் சொல்ல அவசியமே இல்லை.

2005 நவம்பர். தொல்லை சின்னதாகத்தான் ஆரம்பித்தது. மிதுஷன் உள்ளே இருக்கும்போது அவனுடைய அறைக்கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது. தன் தாத்தா காலத்திலேயே அது தொலைந்துவிட்டதாக வீட்டுக்காரி பிரௌ லோட்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

மகேந்திரராஜா ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வளைத்த கம்பியை விட்டுக் கதவைத் திறந்தவர், பூட்டைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

"இஞ்ச பார், தம்பி. இது பூட்டின்ர நாக்கு. இதில ஒரு வெட்டு இருக்கு. இந்தத் தகட்டை வில்லு அமத்தி அந்த வெட்டுக்குள்ள பிடிச்சிருக்கு. சாவி வந்து தகட்டைத் தூக்கினால்தான் நாக்கு அசையும். சாவி இல்லாட்டி ஏலாது."

"அப்ப ஆர் பூட்டினது?"

"குளிருக்கு மரம் ஊதியிருக்கும்."

"மரம் ஊதினா கதவு இறுகும். நாக்கு வெளியில வராதே, அப்பா."

அவர் எண்ணெய் விட்டு, துடைத்து, பூட்டை மறுபடி பொருத்தினார்.

இரண்டு நாள் கழித்து அது மறுபடியும் பூட்டிக்கொண்டது.

"ரெண்டு நாளும் இவன் மிருதங்கம் அடிச்ச நாளப்பா. கவனிச்சீங்களோ?" என்றார் சிவகௌரி.

மகேந்திரராஜாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதிர்வு! மிருதங்கத்தின் இடப்பக்கம் ஆழமாக அதிரும். பலகைத் தரை அந்த அதிர்வைக் கடத்தும். வில் தளர்ந்திருந்தால் தகடு துள்ளும், நாக்கு நழுவும். சோதித்துப் பார்த்தால் போயிற்று. பூட்டைக் கழற்றி மேசையில் வைத்து, பக்கத்தில் இருந்து மிருதங்கத்தை அடிக்க வேண்டும். நாக்கு நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை பின்னேரம் அதைச் செய்தார். ஐந்து மணிதான், ஆனால் வெளியே இருட்டிவிட்டது. பூட்டு மேசைமேல் இருந்தது. கதவில் சாவித் துவாரம் மட்டும் இருந்தது. மிதுஷன் அறைக்குள் சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தே கிடந்தது.

"அப்பா, ஹனாவில இருந்து ஆமிக்காரர் அமெரிக்காவுக்குப் போனவையாம். 1776இல."

"அங்க இருந்த குடியேற்றங்கள் இங்கிலாந்தின்ர ராசாவை எதிர்த்துக் கிளம்பிச்சுது. ராசாவுக்கு ஆமி காணாது. அதால இஞ்ச இருந்த சிற்றரசர்மாரிட்ட ஆக்களை வாடகைக்கு எடுத்தவர். உலகத்தின்ர மற்றப் பக்கத்தில, ஆரோ ஒருத்தரின்ர சண்டைக்கு."

"விரும்பிப் போனவையோ, பிடிச்சுக்கொண்டு போனதோ?" சிவகௌரி குசினியில் சமைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டுந்தான்."

"திரும்பி வந்தவையோ?"

"கனபேர் அங்கயே அசூல் அடிச்சிட்டினம், அம்மா!" என்றான் மிதுஷன். ஜெர்மனித் தமிழர் அகதியாகப் பதிவதற்குச் சொல்லும் சொல் அது. சிவகௌரி சிரிக்கவில்லை.

மகேந்திரராஜா மிருதங்கத்தை மடியில் வைத்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரே அடி. ஒரே இடைவெளி.

தொம்... தொம்... தொம்...

பூட்டின் நாக்கு அசையவில்லை.

கொஞ்சம் பலமாக அடித்தார்.

தொம்... தொம்... தொம்...

மேசைமேல் பூட்டு அப்படியே கிடந்தது.

ஆனால் அறைக்கதவு... மெல்ல... சாத்திக்கொண்டது.

"மிதுஷன்?"

மகேந்திரராஜா எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. பூட்டு இல்லை, கொளுக்கி இல்லை. தள்ளினால் விரலளவு உள்ளே போனது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. மரம் தடுப்பது போல இல்லை. யாரோ உள்ளே இருந்து முதுகு கொடுத்து நிற்பது போல இருந்தது.

குனிந்து சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார். உள்ளே மேசை விளக்கு எரிகிறது, அவருக்குத் தெரியும். ஆனால் துவாரம் கறுப்பாக இருந்தது. கம்பியை விட்டுப் பார்த்தார்.

கம்பி மெத்தென்ற எதிலோ பட்டது.

அது விலகியது.

"அப்பா... ஆரோ என்ர வாயைப் பொத்..."

குரல் அதோடு நின்றது.

"அவனுக்கு ஆஸ்துமா! ஸ்பிரே குசினிக்குள்ள கிடக்கு!" சிவகௌரி ஓடிவந்தார்.

மகேந்திரராஜா தோளால் இடித்தார். கதவு அதிர்ந்தது. உள்ளே குதிக்கால்கள் தரையில் உதைக்கும் சத்தம்.

டக்... டக்... டக்...

இன்னும் பலமாக இடித்தார்.

உதைக்கும் சத்தம் குறைந்தது.

டக்...

சிவகௌரி நின்றுவிட்டார். தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார்.

வாயைப் பொத்தும் அந்தக் கையை அவருக்குத் தெரியும். எண்பத்தொன்பதில் ஊரில் இளம் பொடியன்களைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போன நாட்களில், பதினாறு வயதுத் தம்பியோடு வைக்கோல் போருக்குள் ஒளிந்திருந்தவர் அவர். தம்பி இருமிவிடாமல் அவன் வாயைப் பொத்தியிருந்த கை அது. வெளியே சத்தம் கேட்கக் கேட்கக் கை இறுகியது. பெரியப்பா வந்து ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அது விட்டது.

"இடியாதீங்கோ!" கணவரைப் பிடித்து இழுத்தார். "இடிக்க இடிக்க அவ இறுக்கிப் பிடிப்பா!"

"ஆர்? ஆர் பிடிக்கிறது?"

சிவகௌரி கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"அவங்கள் போயிட்டாங்கள்."

ஒன்றும் நடக்கவில்லை.

"மேளம் நிண்டிட்டுது, அக்கா. நான் பாத்திட்டு வந்துதான் சொல்றன். அவங்கள் போயிட்டாங்கள்."

உள்ளே... ஒரு நீண்ட மூச்சு.

மிதுஷனுடைய மூச்சு அல்ல.

"பிள்ளையை விடுங்கோ..."

கதவு திறந்தது.

மிதுஷன் தரையில் கிடந்தான். உதடு நீலம். கன்னத்தில் ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் பெருவிரல், சிவப்பாகப் பதிந்திருந்தன. ஸ்பிரே அடித்து, முதுகைத் தடவி, அவன் ஒரு மூச்சை முழுதாக இழுக்கும்வரை யாரும் அந்த அறையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அறைக்குள் வேறு யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகேந்திரராஜா பிரௌ லோட்ஸிடம் நடந்ததைச் சொன்னார். அவர் மெதுவாகக் கேட்டார்:

"மேளம் அடித்தீர்களா?"

பிரௌ லோட்ஸின் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த விஷயம் இது. அமெரிக்காவுக்கு ஆள் சேர்த்த அந்தக் குளிர்காலத்தில், படைக்காரர் மேளம் அடித்துக்கொண்டே தெருத்தெருவாக வருவார்களாம். அந்த வீட்டில் இருந்த விதவை தன் ஒரே மகனை மேல் அறைக்குக் கூட்டிப் போய், கதவுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, அவன் வாயைப் பொத்திக்கொண்டாள். மேளம் வாசலில் வெகுநேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

"போய்விட்டார்கள் என்று மேலே வந்து அவளுக்கு யாரும் சொல்லவில்லை," என்றார் பிரௌ லோட்ஸ். "மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தார்கள். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. பையன் அவள் மடியிலேயே குளிர்ந்து போயிருந்தான்."

ஜெர்மனியில் வீட்டை விடுவதானால் மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அறிவித்தார்கள். மிருதங்கம் பிராங்பேர்ட்டில் வகுப்பு நடத்தும் மாஸ்டர் வீட்டுக்குப் போனது. மிதுஷன் அப்பா அம்மாவின் அறையில் படுத்தான். அவனுடைய பழைய அறைப்பக்கம் யாரும் போகவில்லை.

ஆனால் பெப்ரவரியில், கார்னிவல் கொண்டாட்ட ஊர்வலம் மேளத்தோடு அந்தத் தெரு வழியாக வந்தது. மிதுஷன் எதையோ எடுக்க அந்த நேரம் பார்த்து அறைக்குள் போயிருந்தான்.

கதவு சாத்திக்கொண்டது.

இந்தத் தடவை மகேந்திரராஜா கதவை இடிக்கவில்லை. மேளம் ஓய்ந்ததும் சிவகௌரியும் ஓடாமல் நடந்தே போய், கதவில் கை வைத்து அதே வார்த்தையைச் சொன்னார். அரை நிமிடத்தில் மிதுஷன் வெளியே வந்தான். பயந்திருந்தான், ஆனால் முகத்தில் விரல் அடையாளம் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று மகேந்திரராஜாவுக்கு இன்றுவரை தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரியும். அடுத்து அங்கே குடிவந்தவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தெருவில் மேளம் கேட்டால், அது ஓய்ந்ததும் மேலே போக வேண்டும். கதவைத் தள்ளக் கூடாது. அதில் உள்ளங்கையை வைத்து, அவர்கள் போய்விட்டார்கள் என்று சொல்ல வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம்.

கதவு திறக்கும்.