மகளின் கண்ணில் நின்ற மஞ்சள்

மகள் பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண்ணின் வெள்ளை மஞ்சளாகவே இருந்தது. தச்சநல்லூர் வீட்டில் அவளைக் குளிப்பாட்டியது என் அக்கா. பெண்பிள்ளை என்று நாள் தவறாமல் மஞ்சள் தேய்த்தாள். நிறத்தைப் பற்றிக் கேட்டால், "தேய்ச்ச மஞ்சள்தாம்லே ஒட்டியிருக்கு. காலை வெயில்ல காட்டுதேன், போயிரும்" என்பாள்.

என் மனைவி செல்வி அதை நம்பவில்லை. "கண்ணுக்குள்ளயுமா மதினி மஞ்சள் தேய்க்கிய?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். பிறகு குழந்தையின் துணியை என்னிடம் விரித்துக் காட்டினாள். மலம் சுண்ணாம்பு கரைத்தது போல வெளிறியிருந்தது. சிறுநீர் பட்ட இடம் அடர் மஞ்சள். அன்றே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளிறியிருந்தால் வெயிலையும் கீழாநெல்லியையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பித்தநாளம் (கல்லீரலிலிருந்து பித்தநீர் இறங்கும் குழாய்) அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள். இல்லை. ரத்தப் பரிசோதனைகளுக்குப் பிறகு டாக்டரம்மா ஒரு பெயரைச் சொன்னார்: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. கல்லீரல் செய்து ரத்தத்தில் விடவேண்டிய ஒரு புரதம், மரபணுப் பிழையால் உருமாறி உள்ளேயே தேங்கிவிடுகிறது. அதனால் கல்லீரல் கெடுகிறது. நுரையீரலுக்கோ அந்தப் புரதத்தின் காவல் கிடைப்பதில்லை.

"இதுக்கு மருந்து இருக்கா டாக்டர்?"

"பிழையைத் திருத்த மருந்து இல்லை. சத்துக் குறையாம பார்த்துக்கலாம். நிறைய குழந்தைகளுக்குக் கல்லீரல் தானே தேறிரும். சிலருக்குத் தேறாது, அப்போ மாற்றுக் கல்லீரல் யோசிக்கணும். இவ எந்தப் பக்கம்னு இப்பச் சொல்ல முடியாது."

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். டாக்டர் சொன்னதை வீட்டுக்கு விளங்கவைப்பது என் வேலை. பரம்பரை என்று நான் சொன்னதும் அக்கா, "அப்ப அவ வயித்துக் கோளாறு" என்றாள். செல்வி, பால் புகட்டிக்கொண்டிருந்த பாலாடையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பேருகிட்டருந்தும் வந்தாத்தான் இந்த நோய் வரும்க்கா. செல்வி யாரு? நம்ம அம்மைக்கு உடன்பிறந்த தம்பி மக. நீ சொல்லுத அந்தக் கோளாறு பெரும்பாலும் நம்ம வீட்டுக் கோளாறுதான்."

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் இருக்குமோலே?"

"இருக்கலாம். ஒருத்தர்கிட்டருந்து மட்டும் வந்திருந்தா பொதுவா ஒண்ணும் செய்யாது."

வைட்டமின் சொட்டுகளும் எளிதில் செரிக்கும் கொழுப்புக் கலந்த பாலும் தொடங்கினோம். புகை மட்டும் ஆயுளுக்கும் ஆகாது என்றிருந்தார் டாக்டரம்மா. குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்ட வேண்டாம் என்றதும் அக்கா சண்டைக்கு வந்தாள். "ஈரத்தலையோட விட்டாச் சளி பிடிக்கும், நீ பாப்பியா?" பார்ப்பேன் என்றேன். துண்டால் ஒற்றி ஒற்றியே தலையைக் காயவைத்தேன். அப்பா பீடியைத் தெருமுனைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து சட்டை மாற்றாமல் பேத்தியைத் தூக்க இப்போது அக்காவே விடுவதில்லை.

மலத்துக்குப் பைய நிறம் வந்தது. பிறகு கண் வெளுத்தது. தேறிவிட்டாள் என்று நான் எழுத முடியாது. கல்லீரல் நன்றாக இருக்கிறது என்பது ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் மட்டுமே செல்லும். அந்த இடைவெளிக்குள்தான் வாழ்கிறோம். அதற்குள்ளேயே அவள் தவழவும் ஆரம்பித்துவிட்டாள்.

முன்பு நான் மூச்சு விடுவது எனக்கே தெரியாது. இப்போது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், எங்கோ சருகு கொளுத்தும் வாசம் எட்டியதுமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். திரும்பி வேறு தெருவில் நடக்கிறேன். சுற்றுவழிதான். என் காதோரம் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கிறது.