பாயின்ட் பாயின்ட்டாக வந்த பதில்

ஒரு பெண்ணின் கல்லூரிச் சேர்க்கையைக் கெடுக்க இருந்தவள் நான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கையில் போன் இருந்தது, அவ்வளவுதான்.

சேலையூரில் எங்கள் தெருவுக்குப் புதனும் சனியும் மீன் கொண்டுவருகிற அக்காவுக்கு ஊர், கேளம்பாக்கம் தாண்டிக் கடலோரக் குப்பம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால் எங்கள் வீட்டில் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அதனால் சனிக்கிழமை அவரை விடமாட்டேன். அன்று சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டே கேட்டார்.

“டீச்சர், பொண்ணு மீன் படிப்புக் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுது. எங்காளுங்க புள்ளைங்களுக்குத் தனி சீட்டு கீதாமே. அதுக்கு இன்னா இன்னா பேப்பர் கேப்பாங்க?”

புதன்கிழமை மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது என்றும் சொன்னார். இதற்கு எதற்கு அலைய வேண்டும் என்று போனை எடுத்தேன். நான் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். அந்த வருஷம்தான் சாட்பாட் பழகியிருந்தேன். பழகிய வேகத்தில், தேடல் பக்கத்தை போனின் முதல் திரையிலிருந்தே தூக்கிவிட்டேன். பத்து இணைப்பைக் காட்டி ‘நீயே பார்த்துக்கொள்’ என்கிறது அது. இதுவோ கேட்டதற்குப் பதில் சொல்கிறது. பிறகு அது எதற்கு?

கேள்வியைத் தமிழிலேயே பேசினேன். பதில் உடனே வந்தது. மேலே தலைப்பு, கீழே நம்பர் போட்டு ஐந்து பாயின்ட், முக்கியமான சொல்லெல்லாம் தடித்த எழுத்தில். சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தனி ஒதுக்கீட்டுக்கு அப்பாவின் மீனவர் சங்க உறுப்பினர் அட்டை நகல் இருந்தால் போதும். கடைசியில், ‘உங்கள் மகளுக்கு வாழ்த்துகள்’. சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்கா.”

“அட, நான் ஆபீஸ் ஆபீஸா அலையணும்னு நெனச்சுகினு இருந்தேன்” என்று நிம்மதியாகச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. அன்று இரண்டு மீன் கூடவே போட்டார், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் இதை ஆசிரியர் அறையில் அளந்துவிட்டேன். கம்ப்யூட்டர் சார் தலையாட்டினார். “இனிமே யாரும் தேடமாட்டாங்க மேடம், கேப்பாங்க” என்றார். எங்கள் பள்ளி நூலகர் மட்டும் டிபன் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமல், “அது எங்க போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“எது?”

“அட்டை நகல் போதும்னு. எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மா எப்போதுமே இப்படித்தான், யார் எதைச் சொன்னாலும் பக்க எண் கேட்பார். சரி, வாயை அடைக்கலாம் என்று சாட்பாட்டிடமே திரும்பக் கேட்டேன்: அட்டை நகல் மட்டும் போதும் என்று உறுதியாகத் தெரியுமா? ‘மன்னிக்கவும், நீங்கள் கேட்டது சரியான கேள்வி’ என்று ஆரம்பித்து, வேறு ஐந்து பாயின்ட் போட்டது. அதே தலைப்பு, அதே தடித்த எழுத்து, அதே தைரியம். முதல் பதிலில் இருந்த அட்டை இதில் காணவே இல்லை.

நான் தூக்கி எறிந்த தேடல் பக்கத்தைத் தேடிப் பிடித்துத் திறந்தேன். முதலில் இரண்டு விளம்பரம். அடுத்து கோச்சிங் சென்டர்கள். ஒரு யூடியூப் தம்பி ‘கடைசிவரை பாருங்க’ என்றார். போன வருஷத்துக் கையேடு ஒன்று வந்தது. அதற்கும் கீழேதான் கல்லூரியின் சொந்தப் பக்கமும் இந்த வருஷத்துக் கையேடும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் ஒரு படிவம். மீன்வளத் துறை அதிகாரி அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும், உறுப்பினர் அட்டையை மட்டும் வைத்தால் ஏற்கமாட்டார்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது.

நூலகரிடம் போனை நீட்டினேன். அவர் பக்க எண்ணைப் பார்த்துவிட்டு டிபன் டப்பாவை மூடினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏன் ஏமாந்தேன் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிறேன். தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, பாயின்ட் பாயின்ட்டாக எழுதியிருந்தால் கை தானாக முழு மார்க் போட்டுவிடும். கட்டுக் கட்டாகத் திருத்தும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வரிவரியாகப் பார்க்கிறார்கள்? அடித்து அடித்து எழுதிய தாளைத்தான் சந்தேகமாகப் படிப்போம். சாட்பாட் என் திருத்தும் பழக்கத்தை அறிந்தது போலவே விடை எழுதியது, நானும் டிக் போட்டுவிட்டேன்.

அதற்காகத் தேடல் பக்கத்துக்கு மாலை போட மாட்டேன். அதன் குப்பையை இப்போதுதான் கிளறிவிட்டு வந்திருக்கிறேன். ஆனால் விளம்பரத்தை விளம்பரம் என்றும், கல்லூரியைக் கல்லூரி என்றும் அது தனித்தனியாகக் காட்டுகிறது. யார் சொல்வது என்று தெரிந்தால் யாரை நம்புவது என்று நான் முடிவு செய்யலாம். கையேட்டில் ஒரு பாரா சட்டத் தமிழில் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தார்கள். அதை அப்படியே எடுத்துச் சாட்பாட்டில் போட்டு விளக்கக் கேட்டேன். அழகாக விளக்கியது. விளக்கியதை மூலத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். தேடுவதை அதனிடம் விடுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன். இன்றுவரை அதில் மாற்றமில்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். மேடவாக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தார்.

“நான் தப்பா சொல்லிட்டேன்கா” என்றேன். அந்த மூன்று சொல்லை வாயிலிருந்து வரவழைக்க அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

“நாளிக்கு ஒரு நாள்தான் கீது டீச்சர்” என்றார்.

“நாளைக்கு நானே வரேன். கையெழுத்து வாங்காம திரும்பமாட்டோம்.”

செவ்வாய் காலை லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன்வளத் துறை அலுவலகத்தை அடைந்தபோது அக்காவும் மகளும் வாசலில் நின்றிருந்தார்கள். மகளை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். அதிகாரி கடற்கரைப் பக்கம் ஆய்வுக்குப் போயிருக்கிறார், மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“படிவத்தைப் பிரின்ட் எடுக்கணும், பக்கத்துல கடை இருக்கா?” என்று கேட்டேன்.

அந்தப் பெண் பையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். அதே படிவம். பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் நிரப்பியிருந்தாள். மடிப்பு நன்றாகப் படிந்திருந்தது.

“இது எப்ப எடுத்தே?”

“போன வெள்ளிக்கிழமை, மிஸ். தேடிப் பாத்தப்ப கையேடு கெடச்சுது. அதுல போட்டிருந்துச்சு.” அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். “சனிக்கிழமை அம்மா வந்து அட்டை போதும்னாங்க. இல்லன்னு சொன்னேன். டீச்சரே சொல்லிட்டாங்க, உனக்கு இன்னா தெரியும்னாங்க. நீங்க டீச்சராச்சே, தெரிஞ்சுதான் சொல்லியிருப்பீங்கன்னு நானும் விட்டுட்டேன்.”

எனக்கு முகம் எரிந்தது. போன் என்னிடம் பேசிய அதே தொனியில்தான் நான் என் வாசலில் நின்று பேசியிருக்கிறேன். அவளிடம் இருந்த சரியான பதிலை என் ‘அவ்ளோதான்கா’ மடித்துப் பைக்குள் வைத்துவிட்டது.

“மன்னிச்சுக்கோம்மா” என்றேன். அவள் படிவத்தின் மடிப்பை விரலால் நீவிவிட்டாள்.

மூன்றரைக்கு அதிகாரி வந்தார். அட்டையைச் சரிபார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். மை காய்வதற்குள் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினோம். அந்தப் பெண் கணினி முன் உட்கார்ந்தாள். பின்னால் நாங்கள் இருவரும் நின்றோம். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தவள், ‘முதல் பட்டதாரியா?’ என்ற கட்டத்தில் நின்றாள்.

“ஆம் போடு. உங்க வீட்டுல வேற யாரு காலேஜ் போயிருக்கா?” என்றேன். இருபது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

அவள் விரல் மௌஸின் மேல் அப்படியே இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்துக் கையேட்டைத் திறந்து, இதற்கும் தனிச் சான்றிதழ் கேட்கிறார்களா என்று பக்கம் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள்.

“டீச்சர் சொல்றாங்கல்ல, போடுடீ” என்றார் அக்கா.

“இருங்கக்கா. அவ பாக்கட்டும்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தோம்.