நரிக்குப் போட்ட மடவை மீன்

சித்தி ஒரு பச்சைப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. அவள் அம்மாவின் தங்கை. சிதம்பரத்தில் விலங்கியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பெட்டி, கல்லூரியில் இரவல் வாங்கிய கேமரா. மரத்தில் கட்டிவிட்டால் போதும், எதிரே எது நடந்தாலும் தானாகப் படம் பிடித்துக்கொள்ளும். கிள்ளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இறால் பண்ணைகளைத் தாண்டினால் சதுப்புக்காடு. அங்கே இன்னும் நரி இருக்கிறது என்று அவள் படத்தோடு காட்ட வேண்டும். ஒரு மாதத்துக்குள் படம் வராவிட்டால் நரியை விட்டுவிட்டு, அவளுடைய சார் சொன்ன இறால் தீவனத்தை ஆராய வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவளுக்கு முகம் சுருங்கிவிடும்.

தினமும் காலையில் புதிதாக விழுந்த படங்களை லேப்டாப்பில் போட்டு எல்லோரும் பார்ப்போம். ஆடு வந்தது, நாய் வந்தது, கொக்கு வந்தது. பண்ணை வாட்ச்மேன், கேமரா இருப்பது தெரிந்த நாளிலிருந்து தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். பீடியை விட்டு ஒரு வருடமாகிவிட்டது என்று சத்தியம் செய்திருந்த அப்பாவும் புகையோடு வந்தார். அந்தப் படத்தை அம்மாதான் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நரியெல்லாம் எப்பவோ போயிடுச்சும்மா. நீ சும்மா மெனக்கெடற," என்று அப்பா அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

கடைசி வாரத்தில் சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் அவள் அழுததைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மதியம் மடவை மீன் வறுவல். முழு மீனாகக் கீறி மசாலா தடவி வறுத்தது. என் தட்டில் விழுந்ததை நோட்டுக் காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்தேன். சாயங்காலம் கேமராவின் பின்பக்கமாகப் போய், அதன் எதிரே மீனை வீசிவிட்டு ஓடி வந்தேன். முன்னால் போனால் என் படம் விழுந்துவிடும் என்கிற அளவுக்கு விவரம் இருந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால் நரி. விடிகிற வெளிச்சத்தில் நேராக எங்களைப் பார்த்தபடி, வாயில் மீனோடு நின்றது.

"நரி முகத்துல முழிச்சிருக்க. இனிமே ஒனக்கு நல்ல காலம்தான் போ," என்றாள் அம்மா. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள். பிறகு உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். மீனின் உடம்பில் வரிசையாகக் கத்திக் கீறல்கள், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு கறிவேப்பிலை.

சித்தி என் பக்கம் திரும்பினாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உப்பு காரமெல்லாம் சரியா இருந்துச்சாமா அதுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

உடனே சாருக்குப் போன் போட்டாள். "படம் வந்துச்சு சார். ஆனா அத எடுத்துக்க முடியாது. நான்தான் மீன் போட்டு வரவச்சேன்." அதற்குப் பிறகு அவளுக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. "சாரி சார், சரிங்க சார்" என்று காது சிவக்க நின்றாள். கடைசியில் இன்னும் பத்து நாள் கேட்டு வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் ஒரு நரி வந்தது. முகம் இல்லை, பின்பாதி உடம்பும் வாலும்தான் விழுந்திருந்தது. அவ்வளவு மோசமான ஒரு படத்துக்காக யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இறால் தீவனத்திலிருந்து சித்தி தப்பித்தாள்.

எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. முழு மீனை விட்டுக்கொடுத்தது நான், பேர் வாங்கிக்கொண்டது அவள். நேராகவே கேட்டுவிட்டேன்.

"மீன் போட்டது நானு. ஒங்க சாருகிட்ட நீ போட்டதா ஏன் சொன்ன?"

சித்தி சிரித்தாள். "தப்புதான் பாப்பா. அடுத்த வாட்டி ஒம் பேர சொல்லிடறேன்."

சொல்லவே இல்லை. ஒன்றரை வருடம் கழித்து அவளுடைய ஆராய்ச்சி புத்தகமாகக் கட்டி வந்தபோது, என் நரி எந்தப் பக்கத்தில் என்று அப்பாவைத் தேடச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஆராய்ச்சியாளர் தவறுதலாக மீன் வைத்ததால் ஒரு படம் நீக்கப்பட்டது என்று அப்பா படித்துச் சொன்னார். தவறு என்ற சொல் என் காதில் ஏறவே இல்லை. அங்கேயும் என் பேர் இல்லை என்பதுதான் ஏறியது. இரண்டு நாள் சித்தியோடு நான் பேசவில்லை.