அவருக்காகக் கணித்த வெப்பம்

கட்டடம் எழும்புவதற்கு முன்பே, உள்ளே இருக்கப்போகிறவர்களுக்கு வேர்க்குமா வேர்க்காதா என்று கணினியில் பார்த்துச் சொல்வது என் வேலை. மலேசியாவில், இந்த ஈப்போ நகரில், எத்தனையோ அலுவலகங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த வீட்டுக்கும் பார்க்க வைத்தவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. நாங்கள் குடியிருக்கும் தாமான், அந்த வரிசைவீட்டுக் குடியிருப்பு, ஊருக்கு வெளியே லகாட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் இருக்கிறது. மரங்களோடு நிழலும் போய்விட்டது.

“அந்த அடுப்புல வந்து எப்படி இருக்கிறது லா? வீடு கொஞ்சம் குளிர்ந்தா வேலைய விட்டுட்டு வந்துடறேன்” என்று போனில் சொன்னார்.

எனக்கு அந்தச் சூடு பழகிவிட்டது. அவர் இல்லாததுதான் பழகவில்லை. சொன்னதுதான் தாமதம், உட்கார்ந்து வீட்டைக் கணினியில் கட்டிவிட்டேன்.

கூரை, சன்னல், காற்று வரும் திசை எல்லாம் கொடுத்தேன். உள்ளே இருப்பவர் என்ன உடுத்தியிருப்பார் என்றும் மென்பொருள் கேட்கும். அதன் பட்டியலில் கோட்டு இருக்கிறது, கைலி இல்லை. எந்தக் குளிர்நாட்டுக்காரன் எழுதினானோ! வெற்று மேலுடம்பும் இடுப்பில் கைலியுமாக நாற்காலியில் சாய்ந்திருக்கும் என் மனிதருக்கு உடைக்கான எண்ணை நானே கணக்கிட்டுப் போட்டேன். போடும்போது அவர் பக்கத்திலேயே இருப்பது போல இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று வேறு வேலையே ஓடவில்லை.

ஓட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு விரித்து, பின்சுவரில் உயரமாகக் காற்றுத்துளைகள் வைத்தால் போதும் என்று வந்தது. ஆள் வைத்துச் செய்தேன்.

தீபாவளிக்கு வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நீளக் கால்சட்டையும் கனத்த டீ-சட்டையுமாகக் கூடத்தில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

“கைலி எடுத்து வச்சிருக்கேனே?”

“பழக்கம் விட்டுப்போச்சு மா. அங்க ரூம்ல ஏர்கோன் ஓடிக்கிட்டே இருக்கும், குளிரும் லா.”

சுவரிலிருந்த வெப்பமானி நான் கணித்ததையே காட்டியது. வீட்டைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். ஆளைப் பழைய ஆளாகவே போட்டுவிட்டேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அந்தச் சட்டைய கழட்டிட்டு உக்காருங்க, எல்லாம் சரியாயிடும்!” என்று கத்தினேன்.

அவர் சட்டையைக் கழற்றவில்லை.

“அங்க இன்னும் ரெண்டு வருஷத்துக்கு காண்ட்ராக்ட் சைன் பண்ணிட்டேன் மா.”

“எப்போ?”

“போன மாசம்.”

போன மாதம்தான் கூரை வேலை நடந்தது. தினமும் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ‘நல்லா இருக்கு’ என்று பதில் போட்டிருந்தார்.