கறிக்கடைக்காரர் வீட்டுக் கத்தரிக்காய்

கறிக்கடைக்காரர் வீட்டில் கறிக்குப் பஞ்சமா? கடை அடைத்ததும் மிஞ்சியது பொட்டலமாக வீட்டுக்கு வந்துவிடும். இன்று என்ன சமைப்பது என்று அவர் மனைவி மண்டையைக் குடைந்துகொண்டதே இல்லை. பொட்டலத்தைப் பிரிப்பாள், வெங்காயம் வதக்குவாள், மசாலா அரைப்பாள். வேலை முடிந்தது.

இந்த வருஷம்தான் அவர் தட்டைத் தள்ள ஆரம்பித்தார். கடை விடுமுறையன்று கறியை ருசித்துத்தான் சாப்பிடுகிறார். மற்ற நாட்களில் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, இரண்டு வாய் உண்டு எழுந்துவிடுவார். சட்டை தோளில் தொங்கியது. மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். அன்றிரவு அவள் கேட்டேவிட்டாள்.

"என்னங்க, என்னதான் வேணும் உங்களுக்கு?"

"நாள் முழுக்க வெட்டுறேன். வீட்டுக்கு வந்தும் அதையேவா?"

சரி, சைவம் சமைக்கலாம். ஆனால் காய்கறியை அவள் ஓர் ஆளாக மதித்ததே இல்லை. கறிக்குத் துணைக்கு வருவது அது. அதனால் சோயா உருண்டை வாங்கி, அதே பட்டை கிராம்பு, அதே சட்டி என்று கறியைப் போலவே செய்துவைத்தாள். பார்த்தால் கறியேதான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடையில் அண்ணனோடு நிற்கும் கொழுந்தன் மூடியைத் திறந்தான்.

"அண்ணி, இது ஆட்டுல எந்தப் பக்கம்? எனக்கே பிடிபடலையே!"

"வாய மூடிட்டுச் சாப்பிடு."

"வாய மூடிட்டு எப்படி அண்ணி சாப்பிடுறது?"

அவர் ஒரு துண்டை மென்றார். அடுத்ததைத் தட்டின் ஓரம் ஒதுக்கினார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கே. கறி மாதிரியே இருக்கு. அதான் இறங்க மாட்டேங்குது."

சட்டியைத் தேய்த்தபடி அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கறியின் இடத்தில் உட்கார வேறொன்றை அவர் கேட்கவில்லை. அந்த வாசனையிலிருந்து கொஞ்ச நேரம் விடுதலை கேட்கிறார். அவளோ, கறியை விட்டுவிட்டு வாசனையைப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் மசாலா டப்பாவைத் தொடவில்லை. கத்தரிக்காயை நேராகத் தீயில் காட்டித் தோல் கருகச் சுட்டாள். உரித்து, பூண்டும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து மசித்தாள். பச்சைப்பயறைக் குழைய வேகவைத்தாள். தனக்கும் கொழுந்தனுக்கும் அதே பயற்றின் மேல் ஆளுக்கொரு முட்டை பொரித்துப் போட்டாள். இரண்டு சமையல் செய்ய அவளால் ஆகாது.

"ஆடு திங்கிறத நாம திங்கணுமா அண்ணி?"

"அதத் தின்னுதானே அது அவ்வளவு கொழுகொழுன்னு இருக்கு?"

அவர் சிரிக்கக்கூட இல்லை, சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்காய்க் கிண்ணத்தை விரலால் வழித்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"நாளைக்கு என்ன?"

இந்த வீட்டில் யாரும் கேட்டிராத கேள்வி.

"பூசணிக்காய்" என்று சொல்லிவைத்தாள். அதை என்ன செய்வது என்று பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தாள்.