வீராயி தேய்த்த பதினோரு நாள்

சேலத்து மலையில், தலைச்சோலைக்கு மேலே இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில், 1931ஆம் வருஷம் கார்த்திகை மாதத்து ஒரு காலை, அறுபது பேர் வேலைக்குப் புறப்படாமல் ஒரு கடிதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது அவர்களுக்கு வந்த கடிதம் அல்ல. எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரச் சின்னதுரைக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பட்டறைக்காரன் எழுதியது. துரை அதைப் படித்து, முகம் சிவந்து, ஆள் கணக்கு எடுக்கும் மேஜைமேல் எறிந்துவிட்டு ஓரமாய் நின்று சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வெங்கடாசலத்துக்கு வாய் சும்மா இருக்குமா? எடுத்துத் தமிழில் படித்துவிட்டார்.

"துரையோட மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்க அறுபத்திரண்டு ரூபாயாம்!"

அறுபத்திரண்டு ரூபாய்க்குக் கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கலாம். பெயிண்ட் பால் கறக்குமா என்று யாரோ கேட்டார்கள். பெயிண்ட் அடிக்காவிட்டால் வண்டி ஓடாதா என்று இன்னொருவர் கேட்டார். நன்றாக ஓடும் என்றார் ரைட்டர். அப்புறம் எதற்கு அடிக்க வேண்டும் என்று கூட்டம் கேட்டது.

வீராயிக்கு வந்த சந்தேகம் வேறு. எந்தச் சந்தேகத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது. முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, பெரிய உள்ளங்கை. ராசிபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்தில் மலையேறி வந்தவர்களின் மகள். காப்பிப் பழம் பறிப்பது, களை எடுப்பது எல்லாம் மற்றப் பெண்களைப்போலத்தான். ஆனால் வருஷத்தில் ஒரு மாதம் அவள் ஒரு தூரிகையோடு திரிவாள். மழை ஓய்ந்ததும் ஸ்டோர், பங்களா, குடியிருப்பு லயன்கள் என்று எஸ்டேட் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது அவள்தான். அவள் அடித்த சுவரில் திட்டு விழாது.

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்த அறுபத்திரண்டுல பெயிண்டுக்கு எவ்வளவுங்க, தேய்க்கறதுக்கு எவ்வளவுங்க?"

ரைட்டர் கடிதத்தை மறுபடி பார்த்தார். அதில் தனித்தனியாகத்தான் போட்டிருந்தது. சாமான், கோடு போடுவது, மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து இருபத்தெட்டு ரூபாய். பழைய பெயிண்டைச் சுரண்டித் தேய்த்துத் தயார் பண்ணும் வேலைக்கு மட்டும் முப்பத்திநாலு.

"முப்பத்திநாலா? தேய்க்கறதுக்கு மட்டுமா?" என்றாள் வீராயி. அவள் குரலில் இருந்தது ஆச்சரியம் மட்டுமல்ல, கோபமும்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்த எஸ்டேட்டில் பெண்ணாளுக்கு நாள் கூலி நாலணா. சுண்ணாம்பு அடிக்கும் நாளை ரைட்டர் செக்ரோல் என்ற அந்தப் பெரிய பேரேட்டில் எழுதிவிடுவார். ஆனால் அதற்கு முன்னால் பழைய பொருக்கைச் சுரண்டி, பாசியைக் கழுவி, விரிசலை அடைத்துத் தேய்க்கும் நாட்கள் எழுதப்படுவதில்லை. சுவர் வெளுத்தால்தான் நாள். வெளுக்காத சுவரைப் பார்த்து எந்தத் துரையும் இன்றைக்கு வேலை நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளமாட்டான். பழம் பறித்து முடித்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் சும்மா சுரண்டினாள். இது இப்படித்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெங்களூரில் ஒருவன் அதற்கு முப்பத்திநாலு ரூபாய் கேட்கிறான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்னதுரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாகவே புரியும்.

"உனக்குத் தெரியுமா இந்த வேலை?"

"தேய்க்கத் தெரியுமுங்க. அடிக்கத் தெரியுமுங்க. இரும்புல அடிச்சதில்லீங்க."

"எவ்வளவு வேணும்?"

கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். அன்று முழுக்கப் பழம் பறிக்கும் நிரையில் இதே பேச்சுத்தான். தோழி பூவாயி ஒரு நல்ல சேலை கேட்கச் சொன்னாள். புருஷன் மூக்கன் பத்து ரூபாய் கேள் என்றான். கொஞ்சம் யோசித்து எட்டு என்றான். துரையின் முகத்தை நினைத்துக்கொண்டோ என்னவோ, வீடு வந்து சேர்வதற்குள் ஐந்துக்கு இறங்கிவிட்டான்.

மறுநாள் அவள் கேட்டது ஒருவரும் நினைக்காதது.

"நாலணாக் கூலியே போதுமுங்க. ஆனா தேய்க்கற நாளு, அடிக்கற நாளு, ரெண்டையும் செக்ரோல்ல எழுதோணுங்க."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு மலிவா? சரி என்றார். ஆனால் துரை துரைதானே, ஒரு கொக்கியும் போட்டார். வேலை முடிந்து பார்ப்பேன். தேய்த்தது வேலைதான் என்று என் கண்ணுக்குப் பட்டால் எழுதச் சொல்வேன். படாவிட்டால் பெயிண்ட் அடித்த நாள் மட்டும். வண்டி கெட்டுப்போனால் அதுவும் கிடையாது.

மூக்கன் தலையில் அடித்துக்கொண்டான். அறுவடைக் காலத்தில் பழம் பறிக்காமல் போகும் ஒவ்வொரு நாளும் நாலணா நட்டம். அவள் கேட்கவில்லை.

வண்டியைப் பிரித்துக் கொடுத்தவர் துரையே. பெட்ரோல் டாங்கி, இரண்டு மட்கார்டு, இன்னும் சில தகடுகள். வீராயி அவற்றைப் பங்களாவின் பின்னால் ஒரு கொட்டகையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் உள்ளங்கையால் டாங்கியை நிதானமாகத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தது. கைக்கு அப்படித் தெரியவில்லை. துருக்குழிகள், கல் தெறித்த சின்னப் பள்ளங்கள், எப்போதோ விழுந்து எழுந்ததில் ஒரு நெளிவு. எல்லாவற்றையும் கை சொன்னது. இரும்பும் சுவரைப்போலத்தான் என்று கண்டதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

உப்புத்தாள் வைத்துச் சுரண்டினாள். தாள் தீர்ந்ததும், தச்சர்கள் மரம் இழைத்தபின் தேய்க்கிற சொரசொரப்பான பிராய் இலையை அடிவாரத்திலிருந்து வரவழைத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் துரை வந்து எட்டிப் பார்த்தார். டாங்கி வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"ஒண்ணுமே ஆகலியே?" என்றார்.

"ஆயிட்டிருக்குதுங்க" என்றாள்.

நிறம் இன்னொரு கூத்து. பழுத்த காப்பிப் பழத்தின் சிவப்பு வேண்டும் என்று துரை ஒரு பழத்தைப் பறித்துக் கையில் கொடுத்திருந்தார். சேலத்திலிருந்து வந்த டின்னில் இருந்ததோ குங்குமச் சிவப்பு. கறுப்பைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழத்தோடு ஒட்டிப் பார்த்தாள். காலையில் பொருந்திய நிறம் மதியத்தில் பொருந்தவில்லை. பெயிண்ட் மாறியதா என்று டின்னை மோந்துகூடப் பார்த்தாள். பறித்த பழம் வெயில் ஏற ஏறக் கறுக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. பிறந்ததிலிருந்து காப்பிப் பழம் பறிக்கிறவள், ஒரு பழத்தை முழுநாளும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதன்பின் மணிக்கொரு பழம் செடியிலிருந்து பறித்து வந்தாள்.

முதல் சிவப்புப் பூசிய அன்று மலைமேல் பனிமூட்டம் இறங்கியது. சாயங்காலம் பார்த்தால் டாங்கி முழுக்கப் பால் தெளித்ததுபோல வெளுத்துக் கிடந்தது. ஈரத்தில் பூச்சு பூத்துவிட்டது. வீராயி அழவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் அழுதாள். பிறகு அந்தச் சிவப்பை முழுவதும் தேய்த்து எடுத்தாள். அதற்கே மூன்று நாள். எங்கே காயவைப்பது என்று பங்களாவைச் சுற்றிச் சுற்றி வந்து, சமையற்கட்டுக்குப் பக்கத்தில், ரொட்டி அடுப்பின் சுவர் சுடும் சின்ன அறையைக் கண்டுபிடித்தாள். சமையற்காரன் கத்தினான். அவனுடைய ரொட்டியில் பெயிண்ட் வாடை வீசுகிறது என்றான். துரைக்காகத்தான் என்றதும் அடங்கினான்.

அடியில் சாம்பல் பூச்சு, அதன்மேல் வெளிறிய பூச்சு, அப்புறம் சிவப்பு, ஒவ்வொன்றையும் உலர்த்தித் தேய்ப்பு; அடுப்புச் சூட்டில் ஒரு நாளில் இரண்டு மூன்று பூச்சுகூட ஏறியது. மறுபடி ஒரு பூச்சு. பதினைந்தாம் நாள் வேலை முடிந்தது. அடித்த நாள் நாலு. தேய்த்த நாள் பதினொன்று.

பார்க்க வந்த பூவாயி தன் முகத்தை டாங்கியில் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நொம்ப அழகா இருக்குது புள்ள. கண்ணு பட்டுரும்" என்றாள்.

வீராயி சட்டென்று டாங்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடத்தை வெறுமனே விட்டுவிடுவது அவள் வழக்கம். குறையில்லாத பொருளில்தான் திருஷ்டி விழும். பார்க்கிறவர் கண் அந்தக் குறையில் போய் நின்றால் மற்றதெல்லாம் தப்பிக்கும். டாங்கிக்கு அதை விட மறந்தே போனாள். இந்த வண்டி போகப்போவதோ சேலத்துக்கு இறங்கும் வளைவுப் பாதையில். மேலே ஒரு கறுப்புப் பொட்டு வைக்கலாமே என்றாள் பூவாயி. ஒட்டவைத்த பொட்டு செல்லாது, அடி உடம்பு தெரியவேண்டும் என்பது வீராயியின் கட்சி. ஒரு பிராய் இலையை எடுத்து, டாங்கியின் மூடிக்கு அருகே, இரும்பு தெரியும்வரை வட்டமாகத் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் துரை டாங்கிமேல் போர்த்தியிருந்த துணியை விலக்கியதும் பார்த்தது அதைத்தான். திருஷ்டி விஷயத்தில் வீராயியின் வழக்கம் சரியாகவே வேலை செய்தது. இத்தனை சிவப்பில் துரையின் கண் வேறெங்கும் போகவில்லை.

"என்ன இது? யார் கெடுத்தது?"

"நாந்தானுங்க. கண்ணுபடாம இருக்கறதுக்குங்க."

துரை இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னார். ரைட்டர் அவற்றை மொழிபெயர்க்காமல் விட்டது அவருடைய நல்ல குணம். கடைசியில் சொன்னது தமிழிலேயே வந்தது.

"தேய்ச்ச நாள் கிடையாது. அடிச்ச நாள் மட்டும் எழுது."

ரைட்டர் பேனாவை மையில் தொட்டார். பதினோரு நாளும் ஒரு விரலகலத்தில் போயிற்று. காலில் விழுந்தால் தருவாரோ என்று ஒரு கணம் நினைத்தாள். விழத் தோன்றவில்லை.

"எழுதாட்டி போகுதுங்க. அந்த எடத்தைக் கையில தடவிப் பாருங்க சாமி. ஒருவாட்டி" என்றாள்.

துரை வேண்டாவெறுப்பாகத் தடவினார். விரல் சிவப்பிலிருந்து இரும்புக்குப் போய் மறுபடி சிவப்புக்கு வந்தது. எங்கே பெயிண்ட் முடிந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை. மறுபடி தடவினார். பிறகு காப்பித் தண்டில் புழுத் துளை பார்ப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

நடுவில் இரும்பு. அதைச் சுற்றிச் சாம்பலாய் ஒரு வளையம், அதைச் சுற்றி வெளிறிய இன்னொன்று, பிறகு சிவப்பில் மெல்லிய மெல்லிய வளையங்கள், ஓரத்தில் மேல்பூச்சின் கண்ணாடி மினுக்கு. துரை எண்ணினார். ஏழு. ஒவ்வொன்றும் மயிரிழை அகலம், எங்கும் கோணல் இல்லை.

"ஒவ்வொண்ணையும் தேய்ச்சியா?"

"ஒவ்வொண்ணுமுங்க. தேய்க்காத வேலைன்னா அந்த எடத்துல பொருக்காப் பேந்துக்குமுங்க."

அவர் கண்ணாடியை ரைட்டரிடம் கொடுத்தார். ரைட்டர் பார்த்தார். பூவாயி கேட்காமலே வாங்கிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் துரைக்கு இல்லை. "எழுது, எல்லா நாளும்" என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டு டாங்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வீராயி அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னாள். எழுத்து தெரியாது, ஆனால் கோடு எண்ணத் தெரியும். ரைட்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பதினைந்து கோட்டையும் ஒருமுறை எண்ணினாள். மூன்றே முக்கால் ரூபாய். அறுபத்திரண்டு எங்கே, இது எங்கே என்று மூக்கன் புலம்பினான். புலம்புவதிலும் நியாயம் இருந்தது.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்து ஸ்டோர் சுவரைச் சுரண்ட வேண்டிய நேரம் வந்தது. அந்த முறை வீராயியோடு பூவாயி, அத்தாயி, கண்ணாயி என்று ஆறு பெண்கள் சுரண்டப் போனார்கள். முதல் நாள் சாயங்காலம் உடம்பெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு ஏழு பேரும் மேஜைக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். சுவர் முன்னைவிட இன்னும் அழுக்காகத்தான் இருந்தது. ரைட்டர் வெங்கடாசலம் சுவரைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், செக்ரோலைத் திறந்து ஏழு கோடு போட்டார்.